அண்ணாச்சி பதில்கள்: அறை வெப்பத்தில் உருகிக் கிடக்கும் உப்பு

போன இதழில் அயனித் திரவம் பற்றிக் கால் பக்கம் எழுதியிருந்தேன். 100 டிகிரி செல்சியசுக்குக் கீழேயே உருகிவிடும் உப்புகளுக்கு அந்தப் பெயர். சில வகைகள் அறை வெப்பத்திலேயே எண்ணெய் மாதிரி ஓடும் என்றும் சொல்லியிருந்தேன். அந்தக் கால் பக்கத்துக்கு வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு, “இந்த மாசம் முழுக்க இதையே வச்சுக்கிடுங்க” என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணாச்சி, எங்க அய்யா காலத்திலிருந்து உப்பளத் தொழில். உப்பு தண்ணியில கரையும், உருகாது. உருக்கணும்னா கொல்லன் உலை கூடப் பத்தாது. நீங்க ஓடுற உப்புன்னு எழுதுனது அச்சுப் பிழைதானே?
– உப்பளக்காரர், ஆறுமுகநேரி

அச்சுப் பிழை இல்லை ஐயா. உங்கள் பாத்தியில் விளைவது சோடியம் குளோரைடு. அது உருக 801 டிகிரி வேண்டும். ஏன் அவ்வளவு என்று பார்த்தால்தான், வேறு சில உப்புக்கு ஏன் அது தேவையில்லை என்பது பிடிபடும்.

உங்கள் உப்புக் கல் ஏன் கனசதுரமாக இருக்கிறது என்று யோசித்திருப்பீர்கள். உள்ளே அடுக்கு அப்படி. 1913-இல் பிராக் என்ற இளைஞர் எக்ஸ் கதிரை வைத்து அதைக் கண்டு சொன்னார். ஒவ்வொரு சோடியம் அயனியைச் (நேர்மின் ஏறிய அணுவைச்) சுற்றியும் எதிர்மின் ஏறிய ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். ஒன்றுக்கொன்று 2.82 ஆங்ஸ்ட்ராம், ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. இரண்டுமே உருண்டை, இரண்டுமே சின்னது. நேர்மின்னும் எதிர்மின்னும் இவ்வளவு நெருங்கி, இவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்துவிட்டால் பிரித்தெடுக்க உலை கூடப் பத்தாதுதான்.

இப்போது சோடியத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இமிடசோலியம் என்ற அயனியை வையுங்கள். மூன்று கார்பனும் இரண்டு நைட்ரஜனும் சேர்ந்த ஐங்கோண வளையம், தட்டை. ஒரு நைட்ரஜனில் குட்டையாக ஒரு கார்பன் கொண்ட மெத்தில், மற்றதில் சற்றே நீளமாக இரண்டு கார்பன் கொண்ட எத்தில். அதனிடம் இருக்கும் நேர்மின்னும் ஓரிடத்தில் நிற்காமல் வளையம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. குளோரைடால் இதன் அருகில் சோடியத்துக்குப் போன அளவு நெருங்க முடியாது. ஆறு பக்கமும் சமமாகச் சூழவும் முடியாது. அடுக்கு தளர்ந்துவிடுகிறது. இந்த எத்தில்-மெத்தில் குளோரைடு 90 டிகிரிக்குள் உருகிவிடும். குளோரைடையும் மாற்றி டெட்ராஃப்ளுரோபோரேட் என்ற எதிர்மின் அயனியை வைத்தால் 15 டிகிரி. நம் ஊரில் மார்கழி விடியலிலும் அது கட்டியாகாது. காற்றும் ஈரமும் பட்டால் கெடாத உப்பு என்று வில்க்ஸும் சவரோட்கோவும் 1992-இல் அதை அறிவித்த பிறகுதான் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்கள் இதன் பின்னால் ஓடின.

ஆனால் சங்கதி அதைவிடப் பழையது. பால் வால்டன் 1914-இலேயே எத்தில் அம்மோனியம் நைட்ரேட் 12 டிகிரியில் உருகுகிறது என்று எழுதிவிட்டார். அப்போது யாரும் சட்டை செய்யவில்லை.

பிளஸ் டூ பாடத்தில் ஹைட்ரஜன் பிணைப்பு என்றால் ஃப்ளுரின், ஆக்சிஜன், நைட்ரஜன் மூன்றோடு ஒட்டிய ஹைட்ரஜனுக்குத்தான் என்று நடத்துகிறோம். நீங்கள் கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜன் குளோரைடைப் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மாணவர்கள் இதழைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்கிறார்கள். நான் எதைச் சொல்ல?
– வேதியியல் ஆசிரியை, அம்பாசமுத்திரம்

பரீட்சைத் தாளில் அந்த மூன்றையே எழுதச் சொல்லுங்கள் டீச்சர். மார்க்குக்கு நான் பொறுப்பேற்க முடியாது. வகுப்பில் மட்டும் முழுக்கதையையும் சொல்லிவிடுங்கள். கதை நன்றாகவே இருக்கும். மற்ற வாசகர்களுக்கு ஒரு வரி: ஒரு அணுவோடு ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன், பக்கத்தில் எலக்ட்ரான் மிகுந்த இன்னொரு அணுவையும் இழுத்துப் பிடிப்பதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு.

1962-இல் ஜூன் சூட்டர் என்ற பெண், லண்டனில் படிக ஆய்வில் இருந்தவர், கார்பனோடு சேர்ந்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு பிணைப்புப் போடுகிறது என்று படிக அமைப்புகளைக் காட்டி எழுதினார். 1968-இல் டோனஹியூ என்ற பெரிய மனிதர் அது பிணைப்பே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார். பெரிய மனிதர் சொன்னால் அப்பீல் ஏது? பேச்சு அடங்கிவிட்டது. 1982-இல் டெய்லரும் கென்னார்டும் நியூட்ரான் கொண்டு அளந்த 113 படிகங்களை எடுத்து வைத்து அலசினார்கள். சூட்டர் சொன்னதுதான் சரி என்று வந்தது. இருபது வருடம்.

இடையில் நம்மவர் ஒருவரும் உண்டு. கொலாஜன் என்ற புரதம் மூன்று இழை முறுக்கு என்று 1954-இல் சென்னையில் இருந்தபடி சொன்ன ஜி.என். ராமச்சந்திரன், அந்த ‘ஜி’ கோபாலசமுத்திரம். 1960-களின் நடுவில், கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பைப் பற்றி வாய் திறக்கவே பலர் தயங்கிய நேரத்தில், கிளைசின் என்ற அமினோ அமிலத்தையே தொடராகக் கோத்த பாலிகிளைசினின் அமைப்பை விளக்க அவரும் கூட்டாளிகளும் அதைத் துணிந்து பயன்படுத்தினார்கள். உங்கள் மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கடைசியில் 2011-இல் சர்வதேச வேதியியல் ஒன்றியமே வரையறையை மாற்றியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து இ. அருணன் தலைமையில் அமைந்த குழு அது. ஹைட்ரஜனைவிட மின்கவர்தன்மை, அதாவது எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன், கூடிய எந்த அணுவோடு ஒட்டிய ஹைட்ரஜனும் தகுதி பெறலாம் என்றார்கள். கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20. நூலிழையில் தேறிவிட்டது.

இனி இமிடசோலியத்துக்கு வருவோம். வளையத்தில் இரண்டு நைட்ரஜனுக்கும் நடுவே ஒரு கார்பன் நிற்கிறது. அதை இரண்டாம் எண் கார்பன் என்பார்கள். இரு பக்கமும் நைட்ரஜன் எலக்ட்ரானை உறிஞ்சுகிறது, போதாக்குறைக்கு வளையமே நேர்மின் ஏறியது. அதனால் அந்தக் கார்பனில் தொங்கும் ஹைட்ரஜன் சாதாரண கார்பன் ஹைட்ரஜன் மாதிரி சாதுவாக இருக்காது, அமிலத்தனம் காட்டும். படிகத்தில் குளோரைடு நேராக அதன் முன்னால் வந்து நிற்கிறது. ஹைட்ரஜனுக்கும் குளோரினுக்கும் இடையே சும்மா தொட்டுக்கொண்டு நின்றால் 2.95 ஆங்ஸ்ட்ராம் இருக்க வேண்டும், இங்கே 2.5, 2.6 என்று வருகிறது.

ஒரு எச்சரிக்கை. எக்ஸ் கதிர் பார்ப்பது எலக்ட்ரானை. ஹைட்ரஜனிடம் இருப்பதே ஒன்று, அதுவும் கார்பன் பக்கம் சாய்ந்து கிடக்கும். ஆகவே எக்ஸ் கதிர் அளவில் கார்பன்-ஹைட்ரஜன் தூரம் 0.95 என்று குறைத்துக் காட்டும். நியூட்ரான் அணுக்கருவையே பார்ப்பதால் 1.08 என்று சொல்லும். இரண்டு கட்டுரைகளில் இருந்து பிணைப்பு நீளத்தை எடுத்து ஒப்பிடுகிறவர்கள், இந்தத் திருத்தம் செய்யப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பாதிப் பேர் பார்ப்பதில்லை.

நான் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. பியூட்டைல்-மெத்தில் இமிடசோலியம் குளோரைடில் அந்த இரண்டாம் எண் ஹைட்ரஜனை எடுத்துவிட்டு மெத்தில் வைத்தால் ஹைட்ரஜன் பிணைப்பு போய்விடுகிறது. அப்படியானால் உருகுநிலை இறங்க வேண்டும்; ஆனால் ஏறுகிறது! எங்கள் வகுப்பில் இதற்கு விடை கிடைக்கவில்லை, ஸார்.
– மாணவி, பாளையங்கோட்டை

வந்த கடிதங்களிலேயே உருப்படியான கேள்வி இது, தாயி. இதற்காகவே இந்த மாதம் முழுப் பக்கம் கேட்டு வாங்கினேன்.

முதலில் நடப்பதைச் சொல்லிவிடுவோம், மற்ற வாசகர்களுக்காக. மெத்தில் வைத்தால் குளோரைடின் உருகுநிலை 30 டிகிரிக்குப் பக்கமாகக் கூடுகிறது. குளோரைடுக்குப் பதில் சோம்பேறியான பெரிய எதிர்மின் அயனி ஒன்று, ‘பிஸ்ட்ரைஃபிளிமைடு’ என்று புழங்குவது, அதை வைத்துப் பார்த்தாலும் திரவத்தின் பாகுத்தன்மை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. பிடியை அறுத்தால் தளர வேண்டிய பொருள் இறுகுகிறது. தண்ணீரைப் பார்த்தே பழகிய நமக்கு இது தலைகீழ். தண்ணீரில் ஹைட்ரஜன் பிணைப்பு இல்லையென்றால் கடலே ஆவியாகப் போயிருக்கும் என்றுதானே படிக்கிறோம்?

வித்தியாசம் எங்கே என்றால், தண்ணீரில் ஹைட்ரஜன் பிணைப்புதான் முதலாளி. மோலுக்கு 20 கிலோஜூல் அளவில் இருந்தாலும் அங்கே அதைவிடப் பெரிய ஆள் கிடையாது. உப்பில் முதலாளி வேறு. நேர்மின்னும் எதிர்மின்னும் இழுக்கிற விசை. ஒரு மோல் ஜோடிக்கு 300 கிலோஜூலுக்கு மேல். ஹைட்ரஜன் பிணைப்பை எடுத்துவிட்டாலும் அந்த விசை எங்கேயும் போய்விடாது. எனவே “பிடி போச்சு” என்ற கணக்கே இங்கே தப்பு. அந்தப் பெரிய விசைக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு என்ன குழப்பம் செய்துகொண்டிருந்தது என்றுதான் கேட்க வேண்டும்.

நீ படித்த வெப்ப இயக்கவியலை எடு. உருகுநிலை என்பது உருகும் என்தால்பியை (உருக விழுங்கும் வெப்பத்தை) உருகும் என்ட்ரோபியால் (உருகும்போது கூடும் ஒழுங்கின்மையால்) வகுத்தது. நம் எல்லாருக்கும் மேலே இருக்கும் எண்தான் கண்ணில் படும். கீழே இருப்பதை மறந்துவிடுவோம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பட்ரீசியா ஹன்ட் 2007-இல் கணக்கிட்டுக் காட்டியது அந்தக் கீழ் எண்ணைத்தான். ஹைட்ரஜன் இருக்கும்போது குளோரைடுக்கு வளையத்தைச் சுற்றிப் பல இருக்கைகள் உண்டு: முன்னால், பக்கவாட்டில், தட்டுக்கு மேலே, கீழே. நைட்ரஜனில் தொங்கும் நாலு கார்பன் சங்கிலியான பியூட்டைல் வாலும் தன் இஷ்டத்துக்குச் சுழலும். அந்த இடத்தில் மெத்தில் வந்து உட்கார்ந்ததும் முன் இருக்கை பறிபோகிறது. குளோரைடு மேலோ கீழோ ஒதுங்குகிறது. வாலின் சுழற்சிக்கும் இடைஞ்சல். திரவத்தில் இருக்கக்கூடிய ஒழுங்கின்மை குறைகிறது. உருகுவதால் கிடைக்கும் லாபம் குறைந்தால் உருக அதிகச் சூடு கேட்கும். அவ்வளவுதான்.

ரோஸ்டாக்கில் லுட்விக் குழுவினர் 2008-இல் வேறு பக்கம் இருந்து வந்தார்கள். மின் இழுவிசைக்குத் திசை கிடையாது, எல்லாப் பக்கமும் சமமாக இழுக்கும். ஹைட்ரஜன் பிணைப்புக்கு மட்டும் திசை உண்டு. அது ஒரு அயனியை ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டு, சமச்சீரான வலையில் ஓட்டை போடுகிறது. ஆகவே ஹைட்ரஜன் பிணைப்புதான் இந்தத் திரவங்களை ஓட வைக்கிறது என்றார்கள். மூன்றாவதாக, வளையத்தின் மேல்பக்கம் இருக்கும் எதிர்மின் அயனி கீழ்ப்பக்கம் தாண்டிப் போகும் வழியை மெத்தில் அடைத்துவிடுகிறது, பாகுத்தன்மை ஏறக் காரணம் அதுதான் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

எது சரி என்று கேட்பாய். என் சாய்வு என்ட்ரோபி பக்கம். உருகுநிலைக்கு அதுதான் நேரடியாக விடை சொல்கிறது. வழி அடைபடுவது பாகுத்தன்மைக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஓட்டைக் கதை எனக்குக் கொஞ்சம் அழகு கூடிப்போனதாகப் படுகிறது. அழகான விளக்கத்தைக் கண்டால் எனக்கு எப்போதும் ஒரு கிலி. ஆனால் வைவாவில் மூன்றையும் சொல். “ஹைட்ரஜன் பிணைப்பு உருகுநிலையைக் குறைக்கும்” என்று பொதுப்படையாக மட்டும் எழுதிவிடாதே.

ஆய்வகத்தில் பியூட்டைல்-மெத்தில் குளோரைடு பாட்டில் இருக்கிறது. வந்தபோது வெள்ளைக் கட்டி. ஒருமுறை சூடாக்கி உருக்கிய பின் வாரக்கணக்காகத் தேன் மாதிரியே நிற்கிறது. உருகுநிலை 65-க்கு மேல் என்று சீட்டில் போட்டிருக்கிறது; நம் கத்தரி வெயில் கூட 42 தாண்டாதே! பொருள் கெட்டுவிட்டதா?
– ஆய்வக உதவியாளர், திருநெல்வேலி நகர்

கெட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி திறந்து வைத்தால் இந்தக் குளோரைடு காற்றிலிருந்தே தண்ணீரைக் குடித்துக் கரைந்துவிடும். 70 டிகிரியில் வெற்றிடத்தில் வைத்து உலர்த்துங்கள். கார்ல் பிஷர் கருவி இருந்தால் மிச்ச நீரை அளந்துவிடலாம்.

இரண்டாவது காரணம்தான் சுவையானது. திசையன்விளைப் பக்கம் பனங்கற்கண்டு விளைவிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கூழ்ப்பதமாகக் காய்ச்சிய பதநீரைப் பாத்திரத்தில் ஊற்றி, நூல் கட்டித் தொங்கவிட்டு, ஆட்டாமல் அசைக்காமல் வாரக்கணக்காக விட்டுவிடுவார்கள். சர்க்கரைக்குக் கட்டியாக வேண்டிய எல்லா நியாயமும் இருக்கும். ஆனாலும் பாகு கெட்டியாக இருப்பதால் மூலக்கூறுகள் நகர்ந்து இடம் பிடிக்க நாளாகும், தொற்றிக்கொள்ள நூலும் வேண்டும். உங்கள் பாட்டிலும் அதே நிலையில்தான். உருகுநிலைக்குக் கீழே போயும் திரவமாகவே நிற்கிறது. மிகைக் குளிர்வு என்பார்கள். பழைய கட்டியில் ஒரு பொடித் துணுக்கு இருந்தால் போடுங்கள்; கண்ணாடிக் குச்சியால் பக்கத்தைக் கீறிப் பாருங்கள். ஒரு வித்து கிடைத்தால் பிடித்துக்கொள்ளும்.

அப்படியே வந்தாலும் எந்தப் படிகம் வரும் என்பது இன்னொரு சூதாட்டம். இந்த உப்புக்கு இரண்டு படிக வடிவங்கள் உண்டு என்று 2003-இல் ஹாமகுச்சியின் டோக்கியோ குழுவும், இன்னொரு பக்கம் ஹோல்ப்ரி குழுவும் சொன்னார்கள். ஒன்று செஞ்சாய்சதுரம், மற்றது ஒற்றைச்சரிவு. ஒன்றில் பியூட்டைல் வால் விரைப்பாக நீட்டிக்கொண்டிருக்கிறது. மற்றதில் ஒரு இடத்தில் மடங்கியிருக்கிறது. இவ்வளவுதான் வித்தியாசம்! திரவத்தில் எந்த வால் என்று பார்த்தால் இரண்டும் கலந்து கிடக்கின்றன. நீட்டிய வால் ராமன் நிறமாலையில் (ஒளியைப் பாய்ச்சி, சிதறி வருவதைப் பிரித்துப் பார்க்கும் முறை அது) 625 என்ற அலையெண்ணில் கோடு போடும், மடங்கியது 603-இல். உருக்கினால் இரண்டு கோடும் சேர்ந்து வரும். எந்தப் படிகமாக மாறுவது என்று முடிவு செய்ய முடியாமல் திரவம் தடுமாறுகிறது என்று இதை வாசிக்கலாம். உருகுநிலை தாழ்ந்திருப்பதில் இதற்கும் பங்குண்டு.

ராமன் நிறமாலை என்றதும் எல்லாரும் சர் சி.வி. ராமனை மட்டும் நினைப்பீர்கள். 1928-இல் இந்த ஒளிச்சிதறலைக் கண்ட சோதனையில் கூடவே நின்றவர் கே.எஸ். கிருஷ்ணன். நம் மலையோரமாகவே வடக்கே போனால் வரும் வத்திராயிருப்பில் பிறந்தவர்.

நாங்க பத்தமடையில பாய் முடையிற குடும்பம். இந்தத் திரவம் நாரைக் கரைக்கும்னு எழுதியிருந்தீங்க. கோரையையும் கரைச்சிருமா?
– வாசகி, பத்தமடை

கோரையில் இருக்கும் செல்லுலோசைக் கரைக்கும் தங்கச்சி. அதோடு செடிக்கு விறைப்புத் தரும் லிக்னினும் இருப்பதால் பருத்தியளவு சுளுவாகக் கரையாது. செல்லுலோஸ் இழைகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் தண்ணீரில் எத்தனை நாள் ஊறினாலும் கோரை கோரையாகவே இருக்கிறது. குளோரைடு அயனி உள்ளே புகுந்து அந்த ஹைட்ரஜன்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, இழைகள் பிரிந்துவிடுகின்றன. கிரேனாகர் 1934-இலேயே இதே ஜாதி உப்பு ஒன்றை வைத்து உரிமம் வாங்கினார். 2002-இல் அமெரிக்காவில் ராஜர்ஸ் குழு, மைக்ரோவேவ் அடுப்புச் சூட்டில், எடையில் கால் பங்கு வரை செல்லுலோசைக் கரைத்துக் காட்டியது. தண்ணீர் ஊற்றினால் செல்லுலோஸ் திரும்ப வெளியே வந்துவிடும். அப்படி நூலாக இழுத்துத் துணி நெய்யப் பார்க்கிறார்கள். பாய்க்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. உங்கள் கைக்கு வேலை போகாது.

ஆவியாகாது, அதனால் பசுமையான கரைப்பான் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறதே? தாமிரபரணியில் கலந்தாலும் பரவாயில்லையா?
– வாசகர், சேரன்மகாதேவி

பரவாயில்லாமல் எப்படி? காற்றில் போகாது என்பதால் மட்டும் ஒரு பொருள் நல்ல பொருளாகிவிடாது. காற்றில் போகாதது தண்ணீரில் தங்கும். இமிடசோலியத்தில் வால் நீள நீள நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு கூடுகிறது என்பது திரும்பத் திரும்பச் சோதித்து அறிந்த விஷயம். ஹெக்சாஃப்ளுரோபாஸ்பேட் என்ற எதிர்மின் அயனி கொண்ட வகை ஈரத்தில் சிதைந்து ஹைட்ரஜன் ஃப்ளுரைடு விடும். அது கண்ணாடியையே அரிக்கும். ‘ஆவியாகாது’ என்பதும் முழு உண்மையில்லை. குறைந்த அழுத்தத்தில் 200, 300 டிகிரியில் சிலவற்றை வடித்தெடுக்கலாம் என்று 2006-இல் காட்டிவிட்டார்கள். பசுமை என்ற முத்திரை விற்பனைக்காரர்களுக்கு வசதி, அவ்வளவுதான். ஆற்றுப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின் சோதிக்கும் சத்தம் எங்கள் வீட்டு ஜன்னலில் கேட்கும். ராக்கெட்டுக்கும் இந்தத் திரவத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா அண்ணாச்சி?
– பள்ளி மாணவன், பணகுடி

உண்டு தம்பி. பெரிய ராக்கெட்டில் அல்ல. மேலே போன செயற்கைக்கோளைத் தள்ளித் திருப்பும் சின்ன உந்துபொறிகளில். அங்கே காலங்காலமாகப் புழங்குவது ஹைட்ரசீன் என்ற எரிபொருள். கையாள்பவர் உடல் முழுக்க மூடிய உடுப்பும் தனிக்காற்றும் மாட்டிக்கொள்ள வேண்டிய அளவுக்கு நஞ்சு. 2 டிகிரியிலேயே உறைந்து படிகமாகிவிடும் என்பதால், விண்வெளிக் குளிரில் தொட்டிக்கும் குழாய்க்கும் ஓயாமல் சூடு கொடுக்க வேண்டும்.

அதற்கு மாற்றாக அமெரிக்கர்கள் ஹைட்ராக்சில் அம்மோனியம் நைட்ரேட் என்ற உப்பை முக்கியச் சரக்காக வைத்து ஒரு அயனித் திரவ எரிபொருள் செய்து, 2019 ஜூனில் செயற்கைக்கோளில் ஏற்றிப் பறக்கவிட்டார்கள். அந்த உப்பில் நைட்ரஜனிலும் ஆக்சிஜனிலும் ஹைட்ரஜன் தொங்குகிறது. நைட்ரேட்டோடு நாலா பக்கமும் பிணைப்பு. கூட வேறு உப்பும் நீரும் கலந்திருப்பதால் ஒரு ஒழுங்கான அடுக்குக்கு அது வரவே முடிவதில்லை. எவ்வளவு குளிர வைத்தாலும் படிகமாகாமல் கண்ணாடி மாதிரி இறுகும். சூடேறினால் பழையபடி இளகும், குழாய் வெடிக்காது. ஹைட்ரசீனைவிட அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு, அதே தொட்டியில் கூடுதல் சரக்கு. ஒரே ஒரு சங்கடம்: பற்ற வைக்கும் கிரியாவூக்கியை முன்கூட்டியே நூற்றுக்கணக்கான டிகிரிக்குச் சூடாக்கியாக வேண்டும். ஹைட்ரசீனுக்கு அந்த அளவு தொல்லை இல்லை, கிரியாவூக்கி ஜில்லென்று இருந்தாலும் பிடித்துக்கொள்ளும்.